எட்டரை மணி மௌனத்தில் என் பாதி

கரபூல் ஊரின் காலைக் குரலே, கோதுமை லாரி ஓட்டுபவர்களின் கடிகாரமே, தொலைந்த நாய்களின் தோழரே, ஆட்டுச் சந்தை விலையைக்கூட அக்கறையோடு அறிவித்தவரே, எங்கள் வானொலி நிலையத்தின் விடியற்கால நாற்காலியை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எவருக்கும் விட்டுத்தராத அன்புக்குரிய டெஸ் வாரிங் அவர்களே,

வணக்கம்.

தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்த வெள்ளிக்கிழமை மாலையில், புல்தரையில் பந்துருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பின் இந்தக் கூடத்தில், நிலையத்தார் சார்பில் இம்மடலை எழுதி வாசிக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. விளம்பரம் விற்பவர்கள் எழுதினால் அதுவும் விளம்பரமாகிவிடும் என்றார் மேலாளர் கிர்ஸ்டி. நிலையத்தில் புத்தகம் படிக்கிறவன் நான் ஒருவன்தான் என்றும் சொன்னார். ஆகவே ஒலிபரப்புக் கோபுரத்தையும் கம்பிகளையும் பார்த்துக்கொள்கிற ஆல்வின் பாஸ்கோ ஆகிய நான் இதை எழுதினேன். மற்றவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இதிலுள்ள பாராட்டு எங்கள் அனைவருடையது. பொறாமை என்னுடையது மட்டும்.

வரும் திங்கள் முதல் தங்கள் காலை நிகழ்ச்சி கடற்கரை நகரத்துத் தலைமை நிலையத்திலிருந்து வரப்போகிறது என்பதை இங்கே எல்லோரும் அறிவார்கள். எட்டரை மணிக்கு ஊர் அறிவிப்புகள் வாசிக்கும் பகுதி நிலைக்குமா, அதன் முடிவில் ஒலிக்கும் என் மனைவி நோலாவின் குரல் நிலைக்குமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அதற்கான பதிலை இன்றைக்குள் சொல்ல வேண்டியவன் நான். மடல் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். முதலில் பாராட்டு.

பாட்டுப் பட்டியலை வென்றவரே,

வாரந்தோறும் தலைமை நிலையத்திலிருந்து பட்டியல் வரும். வலைப்பின்னலில் உள்ள எல்லா ஊர்களுக்கும் ஒரே பட்டியல். ஆலங்கட்டி மழையில் பயிர் படுத்த ஊருக்கும், அன்றைக்குக் கால்பந்துக் கோப்பை வென்ற ஊருக்கும் அதே துள்ளல் பாட்டு, அதே நிமிடத்தில். ஒரு பாட்டை மாற்றும் உரிமைகூடத் தங்களுக்கு இல்லை. ஆனால் பேச்சின் நீளத்தை அந்தப் பட்டியலில் எவரும் எழுதவில்லை. மணிக்கு மணி தலைமை நிலையத்துச் செய்தி வந்தே தீரும். அதற்குள் நேரம் போதாவிட்டால் கணினி கடைசிப் பாட்டைத் தானாகவே கைவிட்டுவிடும். இதைத் தாங்கள் கண்டுகொண்ட நாள்முதல், பிடிக்காத பாட்டு அந்த இடத்தில் வந்துவிட்டால், பழைய வேலிக்கம்பம் விற்பனைக்கு என்கிற ஒற்றை வரிச் செய்தி தங்கள் வாயில் காவியமாக நீண்டது. கம்பத்தின் மரம் எது, அது எந்தப் பண்ணையில் நின்றது, அதில் முதுகு சொறிந்த மாடு யாருடையது என்றெல்லாம் கேட்டு, பாட்டுக் கேட்காமலே நாங்கள் மகிழ்ந்தோம்.

ஒவ்வொரு வேலை நாளிலும் மூன்று மணி நேரம் உள்ளூர்ச் சங்கதி ஒலிக்க வேண்டும் என்பது சட்டம். தலைமை நிலையத்துக்கு அது வரி கட்டுவது போல. தாங்கள் அந்த மூன்று மணிக்குள் இந்த ஊரையே குடிவைத்தீர்கள். எந்தப் பண்ணையில் அறுவடை இயந்திரம் நின்றுபோனது, எந்தத் திசையில் இன்று நெருப்பு மூட்டக் கூடாது, நெட்பாலில் யார் தோற்றார்கள், தோற்றதற்கு நடுவரைத் தவிர வேறு காரணம் உண்டா, எல்லாம் அதற்குள் இருந்தன.

காட்டுத்தீ நாளை இங்கே நினைவுபடுத்த வேண்டியதில்லை. காற்று திசை மாறியபோது தலைமை நிலையத்தின் இணைப்பை அறுத்துவிட்டு, எந்தச் சாலை மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று மதியம் முழுவதும் தாங்கள் ஒருவரே பேசினீர்கள். அதற்காக ஊர் தந்த கேடயம் அதோ, பியர் குழாய்களுக்கு மேலே தொங்குகிறது. மின்சாரம் போன பிறகும் அந்தக் குரல் ஊருக்குக் கேட்டதற்கு மலைமேல் ஒரு டீசல் இயந்திரம் காரணம். அதன் பக்கத்தில் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். கேடயத்தில் இடம் போதவில்லை போலும்.

இனி எட்டரை மணிக்கு வருகிறேன்.

இந்த ஊரில் எட்டரை மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஊர் அறிவிப்புகள், கடைசியில் சாவுச் செய்தி. அறிவிப்புகளை நோலா வாசிப்பாள், இடையிடையே தாங்கள் வம்புக்கு இழுப்பீர்கள். சாவுச் செய்தியைத் தாங்கள் வாசிப்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் நோலா நாள்தோறும் ஒன்றையே சொல்வாள்: “அவ்வளவுதான் சங்கதி. போய்க் கெட்டிலைப் போடுங்க.” அடுத்து வருவது தெரிந்தவர் பெயராக இருக்கலாம், வெறுங்கையோடு நின்று கேட்காதீர்கள், மின்சாரக் கெட்டிலில் வெந்நீர் போட்டு, கையில் ஒரு கோப்பைத் தேநீர் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். இதை எவரும் எவருக்கும் விளக்கியதில்லை. அந்த நிமிடத்தில் கரபூலில் மின்சாரம் கூடுதலாகச் செலவாவதை என் அளவுமானி காட்டும்.

தங்களுக்கும் அவளுக்கும் நடந்த பேச்சுகள் எனக்கு மனப்பாடம். ஒன்றைச் சொல்கிறேன்.

“பார்க்கர் தெருவுல ஒரு நாயைக் காணோமாம். பேரு பிஸ்கட். கூப்பிட்டா வராதாம்.”

“கூப்பிட்டா வராத நாய்க்குப் பேரு எதுக்கு நோலா?”

“நீகூடத்தான் கூப்பிட்டா வரமாட்டே. உனக்குப் பேரு வைக்கலியா?”

பிறகு அவள் சிரிப்பாள். டெஸ் அவர்களே, அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டிலும் கேட்டதுண்டு. ஆனால் காலையில் ஊருக்கெல்லாம் பரிமாறிய பிறகு, மாலையில், மிச்சமிருந்தது கேட்டது. பத்தொன்பது ஆண்டுகள் நான் அதை மலைமேல் ஒரு தகரக் கொட்டகையில், காதில் மாட்டிய கருவியில், ஒலி அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தபடி கேட்டேன். அவள் சிரிக்கும்போதெல்லாம் ஒலிமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டும். குறைத்து வைக்க வேண்டியது என் வேலை. நான் குறைத்ததில்லை.

ஊரில் பாதிப்பேர் தாங்கள் இருவரும் கணவன் மனைவி என்றே நம்பினார்கள். விவசாயக் கண்காட்சியில் ஒரு பண்ணைக்கார அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“டெஸ் வரலியா நோலா? இவரு யாரு, வண்டி ஓட்டறவரா?”

“இவரு வீட்டுக்காரரு. டெஸ்ஸு ரேடியோக்காரரு.”

“ஓ, ரெண்டு பேரா? கொடுத்து வச்சவம்மா நீ.”

நோலா அதை அடுத்த நாளே ஒலிபரப்பில் சொல்லிச் சிரித்தாள். தாங்களும் சிரித்தீர்கள். முள் சிவப்புக்குப் போனது.

பிறகு அவள் நோயில் விழுந்தாள். சிகிச்சைக்குப் பெரிய ஊர் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாட்களில், மறுநாள் அறிவிப்புகளை முந்தின நாள் மதியமே பதிவுசெய்து கணினியில் வைத்துவிட்டுப் போவாள். வேறு யாராவது வாசிக்கட்டுமே என்று கிர்ஸ்டி சொன்னதற்கு, “என்னோட நாயையும் பூனையையும் வேற யாருகிட்டயும் விடமாட்டேன்” என்றாளாம். மூன்று குளிர்காலங்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை, அப்படித்தான் பதிவுசெய்துவிட்டுக் கிளம்பினாள். மாலையில் மருத்துவமனையிலேயே இறந்தாள். நுரையீரலில் இரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். நான் தங்களுக்குத்தான் முதலில் போன் செய்தேன். நாம் இருவரும் வானொலிக்காரர்கள். ஆனாலும் நம் இருவரில் ஒருவருக்கும் அந்தப் பதிவு நினைவுக்கு வரவில்லை.

எங்கள் வீட்டில் ரொட்டி சுடும் பெட்டியும் வானொலியும் ஒரே பொத்தானில் உயிர்பெறும்படி நானே கம்பி இழுத்து வைத்திருந்தேன். மறுநாள் காலை ஏதாவது சாப்பிட வேண்டுமே என்று ரொட்டியை வைத்து அழுத்தினேன். எட்டரை மணி. நோலா பேசினாள். தேவாலயக் கூடத்தில் பழைய துணி விற்பனை, நெட்பால் குழுவுக்கு நிதி திரட்டத் தொத்திறைச்சி சுடுகிறார்கள், மழை வந்தாலும் சுடுவார்கள் என்றாள். வழக்கம்போலவே உற்சாகமாக இருந்தாள்.

தாங்கள் அந்த அறையில் அவள் குரலோடு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு விரலால் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை தங்கள் ஒலிவாங்கியைத் திறக்கவும் இல்லை. “அவ்வளவுதான் சங்கதி. போய்க் கெட்டிலைப் போடுங்க.” அதன் பிறகு பட்டியலிலிருந்து அடுத்த பாட்டு வரவிடாமல் கணினியை நிறுத்திவிட்டு, தாங்களும் பேசாமல் இருந்தீர்கள். வானொலிக்காரன் செய்யவே கூடாத ஒன்றை, வாழ்நாள் முழுவதும் பேசிப் பிழைத்தவர் செய்தீர்கள்.

அந்த மௌனத்தை ஊர் இன்றும் பேசுகிறது. டெஸ்ஸின் மௌனம் என்று பேசுகிறது. இங்கேதான் நான் ஒரு திருத்தம் கோருகிறேன்.

ஒலிபரப்பில் சிறிது நேரம் சத்தம் இல்லாவிட்டால் என் கைபேசிக்குத் தானாக ஒரு செய்தி வரும். அன்றும் வந்தது. “கரபூல்: ஒலி இல்லை.” அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ அட்டைகளில் ஆறுதல் எழுதி அனுப்பினார்கள். அந்த இயந்திரம் சொன்ன அளவுக்கு எவரும் சரியாகச் சொல்லவில்லை. அந்தச் செய்திக்குக் கீழே “தெரியும்” என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை நான் அழுத்தினால் தலைமை நிலையம் காத்திருக்கும். அழுத்தாவிட்டால் நம் ஊரின் இணைப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, தன் பாட்டை ஓடவிட்டுவிடும். நான் அழுத்தினேன். சற்று நேரத்தில் மறுபடியும் கேட்டது. மறுபடியும் அழுத்தினேன். தாங்கள் ஸ்டுடியோவில் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், ரொட்டி கருகும் வாடையில் நின்றபடி நான் “தெரியும், தெரியும்” என்று அழுத்திக்கொண்டிருந்தேன். தங்களுக்கு இது இன்றுவரை தெரியாது. ஆகவே அந்த மௌனத்தில் பாதி என்னுடையது. இந்த மடலைச் சட்டம் போட்டு மாட்டும்போது, இந்தப் பத்தி கண்ணில் படும்படி மாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு தாங்கள் பேசினீர்கள். “நோலா பாஸ்கோ. கரபூல். நேத்து சாயங்காலம். ஆல்வினோட மனைவி.” அவ்வளவுதான். தங்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளில் அந்த ஒலிபரப்பில் என் பெயர் சொல்லப்பட்டது அந்த ஒரு முறைதான். பொறாமைப்பட்டே பழகியவனுக்கு அன்று தாங்கள் மிகவும் சிரமம் கொடுத்துவிட்டீர்கள்.

நல்லவேளையாக ஊர் கைகொடுத்தது. இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும், மூடிபோட்ட கண்ணாடிப் பாத்திரங்களில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் தங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வந்தன. அடக்கத்தன்று எனக்கு முன்னால் தங்கள் கையைப் பிடித்து அழுதவர்கள் இந்தக் கூடத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். அந்த ஞாயிறு மாலை தாங்கள் வண்டியின் பின்பக்கம் நிறையப் பாத்திரங்களோடு வந்து நின்றீர்கள்.

“இதெல்லாம் உன்னோடது. வீடு மாறி வந்திருச்சு.”

“வீடு மாறல. ஆளைத்தான் மாத்திட்டாங்க.”

“சரி, சண்டையை உள்ள வந்து போடறேன். கதவைத் திற, கை சுடுது.”

“எல்லாம் இருக்கா?”

“மீன் போட்டு வேகவச்சது ஒண்ணு இருந்துச்சு. அதை வழியிலேயே தின்னுட்டேன். பாத்திரத்தை மட்டும் நீ கழுவிக் குடுத்துரு.”

அன்று ஒரே மேசையில் உட்கார்ந்தோம். தாங்கள் இரண்டு தட்டு சாப்பிட்டீர்கள். நான் ஒன்று. துக்கத்திலும் தாங்கள் என்னை முந்தினீர்கள்.

அவளுடைய கடைசிப் பதிவிலிருந்து அந்தக் கெட்டில் வாக்கியத்தை மட்டும் தாங்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டீர்கள். அன்றுமுதல் இன்று காலைவரை, அறிவிப்புகளைத் தாங்களே வாசித்து, சாவுச் செய்திக்கு முன் அதை அழுத்தினீர்கள். நான் பொத்தானை அமைத்துக் கொடுத்தேன். தாங்கள் அழுத்தினீர்கள். இந்த ஊரின் வேலைப் பங்கீடு என்றும் இப்படித்தான்.

சென்ற ஆண்டு தலைமை நிலையத்திலிருந்து பட்டியல் அதிகாரி பிரைஸ் வந்தார். எல்லா ஊர்களிலும் இடையில் ஒலிக்கும் குரல்களை ஒரே குரலாக மாற்றுவது அவர் வேலை. நான் அப்போது தங்கள் மேசைக்கு அடியில் கம்பி பூட்டிக்கொண்டிருந்தேன். அவர் தங்களிடம் கேட்டார்.

“அந்தக் கெட்டில் குரல் யாரோடது சார்? பேரே போடல.”

“நோலா.”

“இப்ப நம்மகிட்ட வேலை பாக்கறாங்களா?”

“இல்ல.”

“அப்ப எடுத்துரலாம். உள்ளூர்க் குரலா இருந்தாத்தான் அந்த மூணு மணி நேரக் கணக்குல வரும்.”

“உள்ளூர்தான் தம்பி. ஆத்தங்கரைக் கல்லறை, ரெண்டாவது வரிசை. இங்கேருந்து நடந்தே போகலாம். இதுக்கு மேல உள்ளூர் ஆளு யாருப்பா?”

பிரைஸ் தன் பட்டியலை மூடிவைத்தார். குரலும் அப்படியே இருந்தது. மேசைக்கு அடியில் நான் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். என் மனைவிக்காக அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். நான் வெளியே தவழ்ந்து வருவதற்குள் தாங்கள் சொல்லி முடித்து, பிரைஸுக்கு லாமிங்டன் கேக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். எத்தனையோ பொறாமைகளுக்கு நடுவே என்னைத் தூங்கவிடாத பொறாமை இது ஒன்றுதான்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் கிர்ஸ்டி மலைக்கே ஏறி வந்தார். கொட்டகை வாசலில் பாம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“எட்டரையை மட்டும் விட்டுத்தர்றோம்னு சொல்றாங்க ஆல்வின். ஆனா ஊர்க்காரர் ஒருத்தர் உக்காந்து நேரலையா வாசிக்கணுமாம். ஆள் இல்லேன்னா அதுவும் அங்கேருந்துதான். நோலா குரலும் போயிரும்.”

“ஆள் தேடுங்க.”

“தேடியாச்சு. டெஸ் உங்க பேரைத்தான் சொல்றாரு. வேற யாரையும் அந்தப் பொத்தானைத் தொட விடமாட்டாராம்.”

“எனக்குப் பேச்சு வராது. வந்திருந்தா இந்த மலைமேல என்னத்துக்கு உக்காந்திருக்கேன்?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. கொஞ்சம் யோசிச்சே சொல்லுங்க.”

இந்த வாரம் தாங்களும் என்னை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். நான் அமைத்த பொத்தானை எனக்கே காட்டினீர்கள்.

“அவ முடிக்கறதுக்குள்ள நீ வாயைத் திறந்துராத. அவளுக்கு அது பிடிக்காது.”

“எனக்கே சொல்றியா? என் பொண்டாட்டி டெஸ்.”

“வீட்டுல உனக்குத் தெரியும். ரேடியோவுல எனக்குத்தான் தெரியும். சொல்றதைக் கேளு.”

கேட்டுக்கொண்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் தங்களைத் திட்டிக்கொண்டே போனேன். ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

பெருமைக்குரிய டெஸ் அவர்களே, நான் இப்போது எவ்வளவு நேரமாக இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். இவ்வளவு பேர் முன்னால் இதுவே முதல் முறை. கிர்ஸ்டியும் கவனித்திருப்பார். அவருக்கு நான் தர வேண்டிய பதில் இதுதான். திங்கள் காலை எட்டரைக்கு நான் வாசிக்கிறேன்.

நிலையத்தாரின் அன்பளிப்பு மேசைமேல் இருக்கிறது. வண்ணத் தாளைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், அது ஒரு கெட்டில். அதைக் கொண்டுபோய் வானொலிக்குப் பக்கத்தில் வையுங்கள். மீன் தூண்டிலும் முழங்காலும் ஒத்துழைக்க, ஊர் நாய்களெல்லாம் கூப்பிட்டவுடன் வர, விடிந்து வெகுநேரம் கழித்துக் கண் விழிக்கும் சுகம் கைகூட, தாங்கள் நெடுங்காலம் நலமாக வாழ வேண்டும். தங்கள் பெயரை அந்தச் சாவுச் செய்தியில் வாசிக்கிற வேலையை எனக்கு வைக்காமல் வாழ வேண்டும் என்று நிலையத்தார் அனைவரும் வேண்டிக்கொள்கிறோம்.

திங்கள் காலை மட்டும் சீக்கிரம் எழுந்திருங்கள். நான் தடுமாறுவேன், நாய்களின் பெயரைப் பூனைகளுக்குச் சொல்லிவிடுவேன், தாங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். பிறகு பொத்தானை அழுத்துவேன். நோலா கெட்டிலைப் போடச் சொல்வாள். அவள் முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன். அப்போது அந்த அறையில் அவள் குரலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். தாங்கள் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தாங்க முடியாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். கதவு திறந்திருக்கும். ஏதாவது சமைத்துக் கொண்டுவாருங்கள்.

தங்கள் நாற்காலியின் உயரத்தை மாற்றாமல் காத்துவரும்
கரபூல் வானொலி நிலையத்தார் அனைவரும்,

அவர்களுக்காக வாசித்த
ஆல்வின் பாஸ்கோ, நோலாவின் வீட்டுக்காரர்